அடிலெய்டு கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குக் குழந்தைகளுடன் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிறிஸ்துமஸ் ஊர்வலம் நடைபெறுகிறது. இந்நகருக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் எங்களிடம் கேட்கும் கேள்விகளையும், எங்கள் பிள்ளைகளுடன் பல முறை சென்று வந்த பட்டறிவிலிருந்து நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

இந்த ஊர்வலம் எப்படித் தொடங்கியது?

அடிலெய்டில் ஜான் மார்ட்டின்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. அதை நடத்திய எட்வர்ட் ஹேவர்ட் வட அமெரிக்க நகரங்களில் அங்காடிகள் நடத்திவந்த பண்டிகை ஊர்வலங்களால் ஈர்க்கப்பட்டு, 1933 நவம்பரில் இங்கும் அப்படியொன்றைத் தொடங்கினார். உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையின்மை மிகுந்திருந்த காலம் அது. கடைக்கு விளம்பரம் தேடுவது அவர் நோக்கங்களில் ஒன்று என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் பணமில்லாத வீட்டுப் பிள்ளையும் கட்டணமின்றித் தெருவோரத்தில் அமர்ந்து பார்க்கலாம் என்ற ஏற்பாடு அன்று முதல் இன்று வரை மாறவில்லை. இரண்டாம் உலகப் போரின் இடைப்பட்ட சில ஆண்டுகளில் ஊர்வலம் நின்றிருந்தது. 1990களின் நடுவில் மாநில அரசு அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பின்னர் அந்த அங்காடியே மூடப்பட்டுவிட்டபோதிலும் ஊர்வலம் தொடர்கிறது. கொரோனா காலத்தில் தெருவை விட்டு அடிலெய்டு ஓவல் விளையாட்டரங்குக்குள் நடந்து, 2022இல் மீண்டும் தெருவுக்கு வந்தது.

குழந்தைகள் அங்கே எதைப் பார்ப்பார்கள்?

குழந்தைப் பாடல்களிலும் தேவதைக் கதைகளிலும் வரும் பாத்திரங்களைக் கொண்ட அலங்கார ஊர்திகள், இசைக்குழுக்கள், நடனக் குழுக்கள், கூட்டத்தின் ஓரமாகவே நடந்துவந்து குழந்தைகளுக்குக் கையசைக்கும் கோமாளிகள் ஆகியோரைப் பார்ப்பார்கள். நிப்பர், நிம்பிள் என்ற பெயருடைய இரண்டு பெரிய ஆடுகுதிரைகளுக்கு இந்நகரில் தனி மதிப்பு உண்டு; தாத்தா பாட்டிகள் தங்கள் சிறுவயதில் பார்த்த குதிரைகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். கடைசி ஊர்தியில் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார். இந்நகரத்தார் அவரை 'சாண்டா' என்று சொல்வதைவிட 'ஃபாதர் கிறிஸ்துமஸ்' என்று சொல்வதையே மரபாகக் கொண்டுள்ளனர். பிற நாடுகளிலிருந்து வரும் குழந்தைகள் இரண்டும் ஒருவரே என்று அறியாமல் குழம்புவதுண்டு. ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தெருவில் வரையப்பட்டிருக்கும் நீலக் கோடு எதற்கு?

ஊர்வலம் செல்லும் தெருக்களின் இருபுறமும், நிகழ்ச்சிக்கு முன்பாகவே நீல நிறக் கோடு ஒன்றை வரைந்துவிடுவார்கள். அதைத் தாண்டி யாரும் ஊர்வலப் பாதைக்குள் வரக் கூடாது. பெரிய வேலிகளுக்குப் பதிலாக, மக்கள் தாமாக மதித்து நிற்கும் ஒரு கோட்டை நம்பியே இவ்வளவு பெரிய கூட்டம் இத்தனை ஆண்டுகளாக நடத்தப்பட்டு வருவது எங்களுக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் இந்தக் கோட்டை மனத்தில் வைத்தே அந்த நாளைத் திட்டமிட வேண்டும். எங்கள் முதல் ஆண்டில் நாங்கள் தாமதமாகச் சென்று, நான்கு வரிசைகளுக்குப் பின்னால் நின்றோம். எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் எங்கள் நான்கு வயது மகள் ஒரு மணி நேரமும் முன்னால் நின்றவர்களின் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் தூக்கினால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். பத்து நிமிடங்களில் தூக்குபவரின் கழுத்தும் வலிக்கும். தேரோட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டும் நம் வழக்கம் இங்கே அவ்வளவாகப் பயன்படாது. தேர் உயரமானது, இந்த ஊர்வலத்திலோ தரையோடு நடந்து வருபவர்களும் ஊர்திகளின் அளவுக்கு முக்கியமானவர்கள், அவர்கள் குனிந்து குழந்தையின் கண்ணைப் பார்த்தே பேசுவார்கள். கோட்டை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் காட்சி, நின்றுகொண்டு பார்க்கும் பெரியவருக்குக் கூடக் கிடைப்பதில்லை.

எந்த இடத்தில் உட்காருவது நல்லது?

வழக்கமாக ஊர்வலம் நகரின் தெற்கே சவுத் டெரஸ் பக்கத்தில் காலை 9.30 மணியளவில் புறப்பட்டு, கிங் வில்லியம் தெரு வழியாக வடக்கு நோக்கிச் செல்கிறது. முழுப் பாதையும் நேரமும் ஆண்டுதோறும் சிறிது மாறக்கூடும் என்பதால் அந்த ஆண்டின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருந்தால், பாதையின் தொடக்கத்துக்கு அருகிலேயே இடம் பிடிப்பதை நாங்கள் வலியுறுத்திப் பரிந்துரைக்கிறோம். ஊர்வலம் ஓர் இடத்தைக் கடந்து முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்துவிட்டுப் புறப்படும் வேளையில், பாதையின் கடைசியில் இருப்பவர்களுக்கு இன்னும் பாதி ஊர்வலம் மீதமிருக்கும். சிறு குழந்தைக்குக் காத்திருப்பதே மிகக் கடினமான வேலை; அதைக் குறைப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்து, நிழலைப் பாருங்கள். கிங் வில்லியம் தெரு தெற்கு வடக்காகச் செல்கிறது. முற்பகலில் சூரியன் கிழக்கிலிருந்து வடகிழக்காக ஏறும். தென் அரைக்கோளத்தில் அது நண்பகலில் வடக்கே நிற்கும் என்பதை நம் ஊர்ப் பழக்கத்தில் மறந்துவிடுகிறோம். ஆகவே கிழக்குப் பக்க நடைபாதையில் உட்கார்ந்தால் பின்னாலுள்ள கட்டடங்களின் நிழல் சிறிது நேரமாவது உங்கள் மீது விழும். மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கோ தொடக்கம் முதலே முகத்தில் வெயில்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

விடியற்காலையிலேயே பாயும் நாற்காலியும் போட்டு இடம் பிடிப்பவர்கள் உண்டு. இலட்சக்கணக்கானோர் வரும் நிகழ்ச்சி என்பதால் அது தேவையற்றது என்று சொல்ல மாட்டோம். ஆனால் குழந்தையையும் அந்த நேரத்துக்கே இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் பாயுடன் முன்னதாகப் போய் அமர்ந்துகொள்ள, மற்றவர் குழந்தைக்கு உணவு கொடுத்து, கழிப்பறைக்கும் அழைத்துச் சென்றுவிட்டு, ஊர்வலம் வருவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் வந்து சேர்ந்தால் போதும்.

காத்திருக்கும் நேரத்தில் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

சாக்பீஸ் எடுத்துச் செல்லுங்கள். ஊர்வலம் வரும்வரை குழந்தைகள் தார்ச்சாலையில் வண்ணச் சாக்பீஸால் படம் வரைவது இந்நகரின் நீண்ட நாள் வழக்கம். அன்றாடம் பேருந்துகளும் கார்களும் ஓடும் நகரத்தின் தலைமைத் தெருவில் அமர்ந்து, தன் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதும் உரிமை ஆண்டுக்கு ஒரு காலை மட்டும் ஒரு குழந்தைக்குக் கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகள் கோலம் போட்டார்கள். புள்ளி வைத்து வரைந்த அந்தக் கோலத்தைப் பார்த்துப் பக்கத்துப் பாய்களிலிருந்த குழந்தைகளும் வந்து, புள்ளிகளை எப்படி இணைப்பது என்று கற்றுக்கொண்டார்கள். பெரியவர்கள் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கைப்பேசியில் படம் காட்டிக் குழந்தையை உட்கார வைப்பதை, வேறு வழியே இல்லாத நிலை வரும்வரை தள்ளிப்போடுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறோம்.

நவம்பர் இங்கே கோடையே அல்லவே. வெயிலுக்கு இவ்வளவு அஞ்ச வேண்டுமா?

நாட்காட்டியின்படி ஆஸ்திரேலியாவில் கோடை டிசம்பர் முதல் நாளில்தான் தொடங்குகிறது. அடிலெய்டில் நவம்பர் மாதத்துப் பகல் வெப்பநிலை சராசரியாக 25 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்தவர்கள் அதை வெயில் என்றே சொல்ல மாட்டார்கள். தவறு நேர்வதும் இங்கேதான். தோலைச் சுடுவது வெப்பம் அல்ல, புற ஊதாக் கதிர். காற்று குளிர்ச்சியாக வீசும் நாளிலும், மெல்லிய மேகம் இருக்கும் நாளிலும் அந்தக் கதிர் வலுவாகவே இருக்கும். நம் உடலில் அதை உணரும் புலன் இல்லை. மாலையில் குழந்தையின் கழுத்து சிவந்து எரியும்போதுதான் தெரியவரும்.

புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தாலே பாதுகாப்புத் தேவை என்று இங்குள்ள சுகாதார அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. மேகமற்ற நவம்பர் நாளில் ஊர்வலம் தொடங்கும் முன்பே அது 3ஐத் தாண்டிவிடும். நண்பகலை நெருங்கும்போது மிக உயர்ந்த நிலையை எட்டும். அன்றைய அளவை வானிலை முன்னறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதோடு, உண்மையான வெப்ப அலைகளும் நவம்பரில் வந்திருக்கின்றன. 2009 நவம்பரில் அடிலெய்டில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது.

அப்படியானால் என்னென்ன செய்ய வேண்டும்?

ஆஸ்திரேலியப் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் அறிந்த பாடம் ஒன்று உண்டு. 1981இல் 'சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி அணி' என்று மூன்று சொற்களில் தொடங்கிய அந்தப் பரப்புரையில், நிழலைத் தேடுவதும் குளிர்கண்ணாடி அணிவதும் பின்னர் சேர்ந்தன. இதே வரிசையில் செய்தால் போதும்.

கழுத்தையும் தோளையும் மூடும் தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். குழந்தைக்கு அழகாக இருக்கிறது என்று கையில்லாத பட்டுச் சட்டையைப் போட்டு அழைத்துவர வேண்டாம். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். வெளியே செல்வதற்கு இருபது நிமிடங்களுக்கு முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வீட்டில் ஏழரை மணிக்குப் பூசியவர்களுக்கு அந்த இரண்டாவது முறை ஊர்வலம் வரும் நேரத்திலேயே வந்துவிடும். காது மடல்களையும் பாதங்களின் மேற்புறத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தரையில் காலை நீட்டி உட்காரும் குழந்தைக்குப் பாதமே முதலில் சுடும். தொப்பி காதையும் கழுத்தையும் மறைக்கும் அகன்ற விளிம்புடையதாக இருக்கட்டும். கிரிக்கெட் தொப்பி நெற்றிக்கு மட்டுமே உதவும். குடையை விரித்தால் பின்னால் இருக்கும் குழந்தைகளுக்கு மறைக்கும் என்பதால், காத்திருக்கும் வரை பிடித்து, ஊர்வலம் வந்ததும் மடக்கிவிடுங்கள்.

நம் தோல் கருமையானது. சன்ஸ்கிரீன் தேவையில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

கருமையான தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி ஓரளவு பாதுகாப்புத் தருவது உண்மை. வெளிர்நிறத் தோலைவிட அது எரிய அதிக நேரமாகும். ஆனாலும் எரியும். தோல் கருமையாக இருப்பதால் கண்ணுக்குப் பாதுகாப்பும் இல்லை. புற ஊதாக் கதிர் எல்லாருடைய கண்ணையும் ஒரே விதமாகத்தான் பாதிக்கிறது. சில மணி நேரம் திறந்த வெளியில் அசையாமல் உட்காரப்போகும் குழந்தைக்குத் தோலின் நிறம் எதுவாயினும் பூசிவிடுவதே சரி.

கைக்குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லலாம், ஆனால் முழுநேரமும் நிழல் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே. ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு உடல் முழுதும் சன்ஸ்கிரீன் பூசுவது பரிந்துரைக்கப்படுவதில்லை. எனவே துணியும் நிழலுமே அதற்குப் பாதுகாப்பு. வெயில் படக் கூடாது என்று தள்ளுவண்டியைத் துணியால் முழுவதுமாக மூடிவிடுவதைப் பலர் நல்லெண்ணத்துடன் செய்கிறார்கள். இது ஆபத்தானது. உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் விரைவாக ஏறும். குழந்தை சோர்ந்துபோவதும் வெளியே தெரியாது. ஆறு மாதம் வரையிலான குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல், தாய்ப்பாலையே அல்லது வழக்கமான பாலையே வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள்.

வெப்பநிலை 35ஐத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் கைக்குழந்தையுடன் வீட்டிலேயே இருந்து தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பைப் பாருங்கள். அதில் இழப்பு எதுவும் இல்லை.

உணவாக எதை எடுத்துச் செல்வது?

ஐஸ் கட்டிகள் வைத்த குளிர்பெட்டி இல்லாமல் தயிர்சாதம் வேண்டாம். குளிரூட்ட வேண்டிய உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் உண்ணக் கூடாது என்பது ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதி. குழந்தைகளுக்காக அந்த அளவை இரண்டு மணி நேரமாகவே கொள்ளுங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள், வாழைப்பழம், தர்ப்பூசணித் துண்டுகள் ஆகியவை கைகொடுக்கும். தண்ணீர்ப் புட்டிகளில் பாதியை முந்தைய இரவே உறையவைத்துவிட்டால் உணவையும் அவை குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

நம் பண்பாட்டில் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் உண்பதில்லை. ஆயினும் கடலை மிட்டாயையோ முந்திரி சேர்த்த இனிப்பையோ அறிமுகமில்லாத குழந்தையின் கையில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள். கொட்டைகளுக்குக் கடும் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இங்கே பலர். பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே கொடுக்க வேண்டும்.

காரில் செல்வதா, ரயிலிலா?

ரயில் நல்லது. நகர மையத்தின் தெருக்கள் பல காலையிலேயே மூடப்படும். டிராமை நம்பியிருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அது கிங் வில்லியம் தெருவிலேயே ஓடுவது, ஆகவே ஊர்வல நேரத்தில் அங்கே ஓடாது. அடிலெய்டு ரயில் நிலையம் வடக்கே நார்த் டெரஸில் இருப்பதால், தெற்குப் பக்கத்தில் இடம் பிடிப்பவர்கள் நடக்க வேண்டியிருக்கும். சிறு குழந்தை இருந்தால் தள்ளுவண்டியைக் கொண்டுபோவதா என்று யோசிக்கவே வேண்டாம், கொண்டுசெல்லுங்கள்.

கூட்டத்தில் குழந்தை தவறிப்போனால்?

அன்று காலை வீட்டை விட்டுப் புறப்படும்போதே, அதே உடையில் குழந்தையை ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம் நினைவுக்கு வராது. உங்கள் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிக் கைப்பட்டையில் ஒட்டுங்கள் அல்லது முன்கையிலேயே பேனாவால் எழுதுங்கள். "அம்மா அப்பாவைக் காணவில்லை என்றால் தேடி நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை அணிந்த காவலரிடமோ, குழந்தையுடன் இருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்" என்பதை முந்தைய நாளே சொல்லிக்கொடுத்து, திரும்பச் சொல்லச் செய்யுங்கள்.

பெரிய பிள்ளைகளுடன் சந்திப்பு இடம் பேசி வைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'கடிகாரக் கோபுரத்தின் கீழ் சந்திப்போம்' என்று சொல்லாதீர்கள். கிங் வில்லியம் தெருவில் இரண்டு கடிகாரக் கோபுரங்கள் உள்ளன: நகர மண்டபத்தினுடையது கிழக்குப் பக்கத்தில், பழைய தலைமை அஞ்சலகத்தினுடையது ஏறத்தாழ அதற்கு எதிரே மேற்குப் பக்கத்தில். நடுவே ஊர்வலம் செல்லும்போது தெருவைக் கடக்க முடியாது. தந்தை ஒரு கோபுரத்தின் கீழும் பத்து வயதுப் பிள்ளை மற்றதன் கீழும் நின்றால், ஒருவரை ஒருவர் பார்த்தாலும் சேர முடியாது. சந்திப்பு இடம் எப்போதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

காவலரை அங்கே எளிதில் காணலாம். உடனடி ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 000.

கோமாளிகளையும் மேளச் சத்தத்தையும் கண்டு குழந்தை அஞ்சினால்?

அஞ்சுவது இயல்பு. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வண்ணம் பூசிய முகம் மனித முகமாகத் தோன்றுவதில்லை. 'பார், கை கொடு, பயப்படாதே' என்று கோமாளியின் பக்கம் தள்ளாமல், மடியில் ஏற்றி, குழந்தையின் முதுகு உங்கள் நெஞ்சோடு சேரும்படி அமர்த்திக்கொள்ளுங்கள். கோமாளிகள் பழகியவர்கள், நீங்கள் மெல்லத் தலையசைத்தால் விலகிச் செல்வார்கள். இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் காதுமூடி எடுத்துச் செல்வதுடன், கூட்டத்திலிருந்து எளிதில் வெளியேறக்கூடிய குறுக்குத்தெரு முனையில் உட்காருங்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வரும்வரை இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் குழந்தைக்கு இல்லை. அது பெரும்பாலும் பெற்றோரின் ஆசைதான். குழந்தை போகலாம் என்றால் போய்விடுங்கள்.

நாங்கள் இந்துக் குடும்பம். பிள்ளைகளை அழைத்துச் செல்வது பொருத்தமா?

இந்தக் கேள்வியைத் தயக்கத்துடன் கேட்கிறார்கள், தயங்கத் தேவையில்லை. ஊர்வலத்தில் பெரும்பகுதி கதைப் பாத்திரங்களும் இசையும்தான். எல்லாச் சமயத்துக் குடும்பங்களும் அங்கே அமர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். திங்கட்கிழமை பள்ளி நண்பர்கள் எல்லாரும் பேசும் ஒன்றை நம் பிள்ளையும் பார்த்திருப்பது, இந்த ஊரில் தானும் ஒருவர் என்ற எண்ணத்தை வளர்க்கும். தீபாவளியும் இதே பருவத்தில் வருவதால் சில ஆண்டுகளில் இரண்டு கொண்டாட்டங்களும் அடுத்தடுத்து அமைந்துவிடுகின்றன. பிள்ளைகளுக்கு அதில் எந்தக் குழப்பமும் இருப்பதாக நாங்கள் கண்டதில்லை.

இவ்வளவு பெரிய கூட்டம் எங்களுக்கு ஒத்துவராது. வேறு வழி உண்டா?

உண்டு. அடிலெய்டின் நார்வுட், கிளெனெல்க் போன்ற பகுதிகளில் சிறிய அளவிலான கிறிஸ்துமஸ் ஊர்வலங்கள் நடைபெறுகின்றன. வேறு நகரங்களில் இருப்பவர்களுக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1934 முதல் நடைபெறும் சாண்டா ஊர்வலம் இதற்கு இணையானது. முதல் அனுபவம் சிறிய ஊர்வலமாக இருப்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு நல்லதே.

முடிந்தவுடன் எப்படி வெளியேறுவது?

உடனே எழாதீர்கள். கடைசி ஊர்தி கடந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நகர்வதால், தள்ளுவண்டிக்கும் சிறு கால்களுக்கும் கடினமான நேரம் அதுதான். நிழலுக்கு மட்டும் நகர்ந்து, இருபது நிமிடங்கள் அமர்ந்து, மீதமிருக்கும் பழத்தைக் கொடுத்து, தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். குப்பையைச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லையே என்று பிள்ளை வருந்தினால், வீட்டுக்குப் போனதும் கடிதம் எழுதலாம் என்று சொல்லுங்கள்: 'சாண்டா, வட துருவம், 9999' என்று முகவரியிட்டு அஞ்சல்தலை ஒட்டிய கடிதங்களை ஆஸ்திரேலிய அஞ்சல் துறை பண்டிகைக் காலத்தில் ஏற்றுக்கொள்கிறது. தமிழில் எழுதலாமா என்று எங்கள் மகன் கேட்டான். எழுதச் சொன்னோம்.